ஐந்து இலைக்கு ஒரு பூச்சி: உருளைக்கிழங்கைக் காப்பாற்றிய கணக்கு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மாலைக் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் தாளவாடிப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். என் சென்ற பதிவின் கீழே அவர் கேட்டிருந்தார்: "சார், மருந்துக் கடையில் பத்து நாளைக்கு ஒரு தடவை அடிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செடியில் பூச்சியே கண்ணில் படவில்லை. அடிக்கவா, விடவா?"

நான் கணக்கு வாத்தியார். விவசாய ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் வயலை நான் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பூச்சி இருக்கிறதா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். எத்தனை இருக்கிறது, எத்தனை வந்தால் ஆபத்து என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைக் கேட்கக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு நூறு ஆண்டு பிடித்தது. நம் நாட்டில் உருளைக்கிழங்கு இன்று ஏழை வீட்டுக் குழம்பிலும் கிடப்பதற்கு, பூச்சியைப் பொறுமையாக எண்ணிய சிலர் முக்கியமான காரணம். அவர்கள் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை அமெரிக்காவில் தொடங்கிப் பிரான்ஸ் வழியாக நம்மூருக்கு வருகிறது. புதுச்சேரிக்காரனுக்குப் பிரான்ஸைத் தொடாமல் கதை சொல்ல வராது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ராக்கி மலை ஓரத்தில், நம் கண்டங்கத்தரிக்கு ஒன்றுவிட்ட தங்கை போன்ற ஒரு முள்செடி உண்டு. அதன் இலையைத் தின்று ஒரு வண்டு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்ந்துவந்தது. மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடுகள். 1824இல் தாமஸ் சே என்ற பூச்சியியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அத்தோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். பிறகு குடியேறிகள் மேற்கு நோக்கிப் போனார்கள். கூடவே உருளைக்கிழங்கும் போனது. உருளையும் கத்தரிக் குடும்பம்தானே? வண்டுக்கு முள்ளில்லாத, சாறுள்ள, ஏக்கர் கணக்கில் பரந்த விருந்து கிடைத்தது. 1859இல் நெப்ராஸ்கா பகுதியில் உருளை வயல்களை அது மொட்டையடித்தது. 1874க்குள் அட்லாண்டிக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. பதினைந்தே ஆண்டில் பாதிக் கண்டம்! கொலராடோ வண்டு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

ஐரோப்பா பயந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் உருளையைத் தாக்கிய கருகல் நோயால் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்திருந்தார்கள். அது பூச்சி அல்ல, பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். ஆனால் ஒரே கிழங்கை நம்பி வாழும் மக்களுக்கு என்ன ஆகும் என்பதை அப்போது எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிரிட்டன் 1877இல் அழிவுதரும் பூச்சிகள் சட்டம் என்ற ஒன்றையே இந்த வண்டை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. துறைமுகங்களில் காவல் போட்டார்கள்.

அப்படியும் 1922இல் பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகே வண்டு நிலைகொண்டுவிட்டது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் சரக்கு இறக்கிய பகுதி அது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'தொரிஃபோர்' என்று பெயர். நம் ஊர்ச் சொல்தா குடும்பங்களில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல் தெரிந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பிரான்ஸைப் பிடித்தபோது, தங்கள் உருளைக்கிழங்கையெல்லாம் தின்று தீர்த்த அந்தச் சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு மக்கள் வைத்த பட்டப்பெயர் அதுதான். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக வயலுக்கு அழைத்துப் போய், செடி செடியாக வண்டைப் பொறுக்கி டப்பாவில் போட வைத்தார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் 'தொரிஃபோர்' பொறுக்கப் போகிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்களாம். எந்தத் தொரிஃபோர் என்பது கேட்பவர் பொறுப்பு.

ஜெர்மனியிலும் இதே கதைதான். போருக்குப் பிறகு 1950இல் கிழக்கு ஜெர்மனி அரசு, அமெரிக்க விமானங்கள்தான் வண்டை வானத்திலிருந்து தூவுகின்றன என்று பிரசாரமே செய்தது. பிள்ளைகள் மறுபடியும் வயலில் இறங்கினார்கள். அரசியல் பொய்யாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் பொறுக்கியது மெய். எந்த வயலில் எத்தனை வண்டு என்று தெரிந்ததும் அந்தப் பொறுக்கலால்தான்.

நம் நாட்டு வயல்களில் அந்த வண்டு நிலைகொள்ளவில்லை. நம்முடைய சங்கடம் வேறு பூச்சியால் வந்தது.

1906ஆம் ஆண்டு. பம்பாய் மாகாணத்துக்கு இத்தாலியிலிருந்து விதைக்கிழங்கு கப்பலில் வந்தது. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். சமவெளி விவசாயி தன் வயலில் விளைந்ததையே திரும்பத் திரும்ப விதைத்தால் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். ஆகவே இமயமலைப் பகுதியிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ புது விதை வாங்குவார்கள். இத்தாலியக் கிழங்கோடு ஒரு சின்னச் சாம்பல் நிற அந்துப்பூச்சியும் இறங்கியது. கிழங்கு அந்துப்பூச்சி என்று இன்று நம் வேளாண் அலுவலர்கள் சொல்வது இதைத்தான்.

அப்போது பீகாரில் உள்ள பூசாவில் இம்பீரியல் பூச்சியியலாளராக இருந்தவர் ஹெரால்ட் மாக்ஸ்வெல் லெஃப்ராய். இந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்ததும் அதே 1906இல்தான். அடுத்த ஆண்டே இந்தப் புதிய விருந்தாளியைப் பற்றி அவர் எழுதி எச்சரித்தார். அவருடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குத் திரும்பிப் பேராசிரியரான லெஃப்ராய், பூச்சியைக் கொல்லும் வாயு ஒன்றைத் தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தபோது அதே வாயு தாக்கி 1925இல் இறந்துபோனார். பூச்சிக்குத் தயாரித்த நஞ்சு ஆளைப் பார்த்து ஒதுங்காது.

இந்திய அரசு அழிவுதரும் பூச்சிகள் சட்டத்தை 1914இல் கொண்டுவந்தது. பெயரிலேயே பிரிட்டனின் 1877 சட்டத்தின் சாயல் தெரிகிறது. வெளிநாட்டுச் செடி, விதை, கிழங்கை எந்தத் துறைமுகம் வழியாகக் கொண்டுவரலாம், எந்தச் சோதனைக்குப் பிறகு கொண்டுவரலாம் என்று அரசு விதி போட அது வழிசெய்தது. கதவுக்குப் பூட்டு வந்தது. ஆனால் கிழங்கு அந்து எட்டு ஆண்டு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது. (அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். நம் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். பூச்சிக்கு எந்தக் கொடி பறக்கிறது என்று தெரியாது.)

இந்த அந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் தானாகப் புரியும். தாய் அந்து இலையிலும், கிழங்கின் கண்களிலும் முட்டையிடும். இலையில் பொரித்த புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்னும். அதனால் வரும் நஷ்டம் சிறிது. பெரிய நஷ்டம் கிழங்கில்தான். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது? இந்தப் பூச்சிக்கு ஆழமாக மண் தோண்டத் தெரியாது. மண் வெடித்திருந்தாலோ, கிழங்கு வெளியே எட்டிப் பார்த்தாலோதான் அதற்கு வழி. ஆகவே வைத்தியம் மண்வெட்டியில் இருக்கிறது. விதைக்கிழங்கை மேலாகப் போடாமல் ஆழமாக நட வேண்டும். செடிக்கு நன்றாக மண் அணைக்க வேண்டும். நிலம் வெடிக்காமல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தோண்டிய கிழங்கை ராத்திரி வயலிலேயே குவித்துவைக்கக் கூடாது, அந்து பறப்பது இருட்டிய பிறகுதான். வெட்டிய செடியைப் போட்டு அந்தக் குவியலை மூடவே கூடாது, அது அந்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. இவ்வளவுக்கும் ஒரு சொட்டு மருந்து தேவையில்லை.

கிடங்கில் நிலைமை இன்னும் மோசம். ஒரு தாய் நூற்றுக்கு மேல் முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் முட்டை மறுபடி அந்தாகிவிடும். ஒன்று நூறாகி, அந்த நூறில் பாதி பெண்ணாகி, ஒவ்வொன்றும் நூறு போட்டால்? எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல்தான். மூன்று மாதம் குளிர்பதனம் இல்லாமல் வைத்த குவியலில் கிழங்கைவிட எச்சம் அதிகமாக இருக்கும். சாப்பாட்டுக் கிழங்குக்கே மருந்து தூவவும் முடியாது. உலர்ந்த மணலால் மூடிவைத்தார்கள். மலைப் பகுதிகளில் உண்ணிச்செடி இலையையும் கற்பூர மரத்து இலையையும் காயவைத்து நறுக்கி, கிழங்கின் மேல் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பும் முறை உண்டு. அந்துக்கு அந்த வாடை ஆகாது. உருளையின் தாய்வீடான பெரு நாட்டு மலைவாசிகளும் புதினா வகைச் செடி ஒன்றை இதே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கூட்டம் ஒரே விடைக்கு வந்திருக்கிறது.

பின்னால் அறிவியலும் கைகொடுத்தது. அந்துவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் சின்னக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். பெங்களூரில் 1957இல் தொடங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையம் இப்படிப்பட்ட வேலைக்கென்றே இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குளவி வகையில், ஓர் அந்து முட்டைக்குள் வைத்த ஒரே முட்டை பிளந்து பிளந்து டஜன் கணக்கில் குளவிகளாக வெளியே வரும். 1970களின் நடுவில் பெண் அந்து ஆணை அழைக்கும் வாசனையின் வேதியியல் தெரியவந்தது. அதை ஒரு ரப்பர் துண்டில் ஏற்றிப் பொறியில் வைத்தால் ஆண் அந்துகள் வந்து விழும். இனக்கவர்ச்சிப் பொறி என்கிறோம். ஏக்கருக்கு எட்டுப் பொறி என்ற கணக்கில் நடச் சொல்கிறார்கள். பொறியில் விழுந்து சாவது ஒரு லாபம். காலையில் போய் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவது அதைவிடப் பெரிய லாபம். பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று வயலே கணக்குச் சொல்கிறது.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன்.

சமவெளியில் விளைந்த கிழங்கை விதைத்தால் விளைச்சல் சுருங்கும் என்றேனே, ஏன் சுருங்குகிறது? 'விதை களைத்துப் போகிறது' என்று விவசாயிகள் நினைத்தார்கள். உண்மையில் கிழங்குக்குள் வைரஸ் சேர்ந்துகொண்டே போகிறது. அதைச் செடிக்குச் செடி சுமந்துபோவது அசுவினி. கத்தரியிலும் கடுகிலும் மிளகாயிலும் நாம் பார்க்கிற, செடிப்பேன் என்கிற அந்தப் பச்சைப் பூச்சிதான். கடித்துச் சாறு குடிப்பதால் வரும் நஷ்டம் அற்பம். வைரஸை ஊசி போடுவதுதான் ஆபத்து. சில வைரஸ்களுக்கு ஒரே ஒரு குத்து போதும், சில நொடி வேலை. மருந்து அடித்த செடியில் உட்கார்ந்த அசுவினி சாகத்தான் போகிறது. ஆனால் சாவதற்கு முன்பே ஊசி போட்டுவிடுகிறது. ஆகவே மருந்தை மட்டும் நம்பினால் பயிரும் போகும், பணமும் போகும்.

சுதந்திரம் வந்து இரண்டாவது ஆண்டு, 1949இல், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாட்னாவில் தொடங்கியது. முதல் இயக்குநர் எஸ். ராமானுஜம். 1956இல் அது சிம்லாவுக்கு மாறியது. அங்கே புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஒரு கேள்வி கேட்டார்கள். அசுவினியைக் கொன்று தீர்க்க முடியாது, சரி. அது இல்லாத காலம் ஒன்று உண்டா?

வட இந்தியச் சமவெளியில் பல பருவம் அசுவினியை எண்ணிப் பார்த்ததில் விடை கிடைத்தது. அக்டோபரில் நட்டால் டிசம்பர் கடைசிவரை வயலில் அசுவினி மிகமிகக் குறைவு. குளிர் தளரும் ஜனவரியில்தான் பெருகுகிறது. அந்த இடைவெளிக்குள் கிழங்கு முற்றிவிட்டால் வைரஸுக்கு வேலை இல்லை. 1959-60 வாக்கில் இதிலிருந்து பிறந்த முறைக்கு விதைப்பாத்தி முறை என்று சொல்லலாம். அதன் விதிகள் எளிமையானவை. நோயில்லாத விதையை அக்டோபரில் நடு. செடியின் மேலே, நடுவே, கீழே என மூன்று இலை வீதம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு செடி பார்த்து, நூறு இலைக் கணக்கில் அசுவினியை எண்ணு. டிசம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்து. நூறு இலையில் இருபது அசுவினி என்ற எண்ணைத் தொட்டதும், செடியின் தலையை வெட்டிவிடு. இலையில் ஏறிய வைரஸ் கிழங்குக்கு இறங்குவதற்குள் பாதையே இல்லாமல் போய்விடும். தோல் கெட்டிப்பட இரண்டு மூன்று வாரம் மண்ணிலேயே விட்டு, பிறகு தோண்டு.

நூறு இலைக்கு இருபது என்றால் ஐந்து இலைக்கு ஒன்று. நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரே ஒரு பூச்சி. வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப்பசேலென்று கொழித்து நிற்கும். இன்னும் இரண்டு வாரம் விட்டால் கிழங்கு எடை கூடும் என்று விவசாயிக்குத் தெரியும். அப்படிப்பட்ட பயிரைப் பச்சையாக வெட்டச் சொல்கிறது ஓர் எண். விவசாயியும் வெட்டினார். கண்ணுக்குத் தெரியாத நோயை நம்பி, கண் முன்னால் நிற்கும் எடையை விட்டுக்கொடுத்தார். அந்த எண்ணின் மேல் அவருக்கு வந்த நம்பிக்கைதான் இந்திய உருளைக்கிழங்கின் அஸ்திவாரம். வெளிநாட்டு விதையையும் மலை விதையையும் எதிர்பார்த்த நாடு, பஞ்சாப், உத்தரப் பிரதேசச் சமவெளிகளிலேயே தரமான விதையை விளைவித்துக்கொண்டது. இன்று உலக உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல்.

இதில் இன்னொரு வியப்பு. அதே 1959இல் கலிஃபோர்னியாவில் நான்கு பூச்சியியலாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி தரும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும் அளவை நெருங்கும்போது மட்டும் மருந்தைத் தொடு என்பது அதன் சாரம். பொருளாதாரச் சேத வரம்பு என்று இன்று வேளாண் கல்லூரிகளில் நடத்தும் பாடம் அங்கிருந்து வந்தது. அவர்களைத் துரத்தியது டி.டி.டி. அனுபவம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கொலராடோ வண்டுக்கு டி.டி.டி.யைத் தாராளமாக அடித்தார்கள். 1950களின் தொடக்கத்திலேயே வண்டு அதற்குப் பழகிவிட்டது. அடுத்த மருந்து, அதற்கும் பழகியது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்குத் தப்பிக்கத் தெரிந்த வண்டு அது. அட்டவணை போட்டு அடிப்பவன், தப்பிப்பது எப்படி என்று பூச்சிக்குப் பாடம் நடத்துகிறான். நானும் பாடம் நடத்தியவன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தினால் கடைசிப் பெஞ்சுக்கும் புரிந்துவிடும்.

வடக்கே எண்ணிப் பிழைத்த கதை இது. நம் பக்கத்தில், எண்ணத் தொடங்குமுன் காலம் கடந்துபோன கதையும் உண்டு.

நீலகிரியில் 1820களில், கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு வேரூன்றியது. நூற்றாண்டுக்கு மேல் மலை மக்களின் கைக்காசுப் பயிர் அது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை மூட்டையாக இறங்கும். மலையில் கோடைப் போகம், இலையுதிர்காலப் போகம், பாசனப் போகம் என்று ஆண்டில் மூன்று முறை பயிர் வைக்கலாம். காசுக்கு நல்லது. பூச்சிக்கும் நோய்க்கும் அதைவிட நல்லது, பட்டினி கிடக்கும் மாதமே இல்லை. சமவெளியில் கிடைத்த அந்த இடைவெளி இங்கே கிடையாது.

1957இல் ஊட்டி அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு நிலையத்தின் கிளை வந்தது. 1961இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற நிபுணர் ஊட்டிக்கு வந்து, வாடிய செடி ஒன்றின் வேரைப் பார்த்தார். குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்னிற மணிகள். உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு! இது பூச்சி இனம் அல்ல, புழு இனம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். அந்த மணி ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளை வேரின் கசிவு படும்வரை இருபது ஆண்டுகூட மண்ணில் தூங்கும். கண்டுபிடித்த அன்று அது வந்த நாள் அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே வந்து பரவியிருந்தது. யாரும் வேரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது நீண்ட போராட்டம். 1971இல் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே அனுப்பத் தடை வந்தது. பிறகு கொடைக்கானலிலும் புழு தென்பட்டது. பயிரை மாற்றிப் போடச் சொன்னார்கள்: ஓர் ஆண்டு உருளை, அடுத்த மூன்று ஆண்டு கேரட், முட்டைகோஸ், பீன்ஸ். 1985இல் புழுவுக்கும் கருகல் நோய்க்கும் தாக்குப்பிடிக்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் நீலகிரிக்கென்றே வெளிவந்தது. நல்ல வேலைதான். ஆனால் உருளையை மட்டும் நம்பியிருந்த மலைக் குடும்பத்துக்கு அதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. பலர் தேயிலைக்கும் கேரட்டுக்கும் மாறிவிட்டார்கள். இதே புழு இமயமலைப் பக்கமும் தென்பட்டு, 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசு தடை போட்டது. ஒரு காலத்தில் நாட்டுக்கே விதை கொடுத்த மலைகள் அவை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், ஐந்து இலைக்கு ஒரு பூச்சி என்ற அளவிலேயே கண்டுகொண்டார்கள், பயிர் பிழைத்தது. இன்னொரு பக்கம், செடி வாடிய பிறகுதான் வேரைப் பார்த்தார்கள், அரை நூற்றாண்டு தடை. இரண்டு இடத்திலும் விவசாயி ஒரே மாதிரி உழைத்தவர்தான். யாரோ ஒருவர் முறையாக எண்ணினாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மஞ்சள் ஒட்டும் பொறியில் அசுவினி எத்தனை, இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து எத்தனை என்று தேதி போட்டு எழுத வேண்டும். நான்கு வாரம் எழுதினால் நோட்டே பேசும். அந்த நோட்டோடு வேளாண் அலுவலரிடம் போனால் அவரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கை: நான் சொன்ன 'நூறுக்கு இருபது' விதைப் பயிருக்கான எண். சாப்பாட்டுக்கு விளைவிக்கும் பயிருக்கு அது பொருந்தாது, அங்கே இன்னும் கூடுதலாகப் பொறுக்கலாம். உங்கள் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ற எண்ணை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை கேட்கிற அன்றைக்கு அடியுங்கள், காலண்டர் கேட்கிற அன்றைக்கு அல்ல. மிச்சமாவது மருந்துக் காசு மட்டும் அல்ல, அதை முதுகில் சுமந்து அடிக்கும் ஆளின் நுரையீரலும்தான்.

உருளை விளையாத நம் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கடையில் கிழங்கு பொறுக்கும்போது கண்களைப் பாருங்கள். கண்ணோரம் கறுப்பாகத் துகள் ஒட்டியிருந்தால், 1906இல் கப்பலேறி வந்த அந்த விருந்தாளியின் வாரிசு உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை மற்றக் கிழங்குகளோடு கூடையில் போடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வெட்டிக் காட்டுங்கள். சுரங்கம் எப்படிப் போகிறது பாருங்கள் என்று சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம், செலவும் ஒரு கிழங்குதான்.

நீலகிரி, கொடைக்கானல், தாளவாடி, ஓசூர்ப் பக்கம் உருளை போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வயலில் யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தாத்தா பாட்டி காலத்தில் கிழங்கை எந்த இலை போட்டு மூடினார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை.

அடுத்த வாரம் வேறொரு பழங்கதையோடு வருகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.